அந்தப் பைக்குள் இல்லாத கொப்பி

எங்கட வீட்டுச் சாமியறைக் கதவுக்குப் பின்னால், ஒரு ஆணியில், மண்ணிற றெக்சின் பை ஒன்று தொங்கும். அதற்குப் பெயர் இல்லை. அம்மா அதை "அந்தப் பை" என்றுதான் சொல்லுவா. உள்ளே எங்கள் எல்லாருடைய பிறப்புச் சான்றிதழ், அம்மா அப்பாவின் கலியாணப் பதிவு, காணி பேமிட், வங்கிப் புத்தகங்கள், என்னுடைய ஓ.எல் சேர்ட்டிபிக்கற். ஒவ்வொன்றும் பொலித்தீனில் சுற்றி, பிறகு எல்லாம் சேர்த்து ஒரு சொப்பிங் பைக்குள் போட்டு, ரப்பர் பாண்ட் போட்டிருக்கும். சின்ன வயதில் அதைத் தொட்டால் அடி விழும்.

அம்மா அந்தப் பையை 1996 இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிடும்போது முதன்முதல் கட்டியிருக்கிறா. பை மாறியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை. 2008 கடைசியிலும் அதே மாதிரி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டுதான் நடந்திருக்கிறா. வன்னியில் எங்கள் வயதில் இருக்கிற முக்கால்வாசிப் பேரின் வீட்டில் இப்படி ஒரு பை இருக்கும், அல்லது இருந்திருக்கும். அது ஏன் இருக்கிறது என்று நாங்கள் கேட்டதில்லை. அவர்களும் சொன்னதில்லை.

2018 டிசம்பர் 21 இரவு அந்தப் பை திரும்பவும் தேவைப்பட்டது.

நாங்கள் கண்டாவளைப் பக்கம். அன்று பகல் முழுக்க மழை. இரவாக மழை இன்னும் கூடியது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்திருக்கினம் என்று யாரோ போன் எடுத்துச் சொன்னார்கள். அப்பா வேலைக்காக மன்னாரில். வீட்டில் அம்மா, அம்மம்மா, நான், தம்பி. கரண்ட் போய்விட்டது. கதவைத் திறந்து ரோச் லைற் அடித்துப் பார்த்தால் முற்றம் தெரியவில்லை, தண்ணிதான் தெரிந்தது.

அம்மா இரண்டு நிமிடத்தில் பையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டா. இருட்டில், தேடாமல், கை நேராக ஆணிக்குப் போனது. அதைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம் நாங்கள் வீட்டுக்குள்ளேயே நின்றோம்.

ஏனென்றால் போவதா இருப்பதா என்று முடிவெடுக்க ஒருவரும் இல்லை. ஆடுகளை என்ன செய்வது? நெல்லு மூட்டை நனையும். வீட்டை விட்டுப் போனால் கள்ளர் வருவான். அப்பாவுக்குப் போன் போகவில்லை. எல்லாவற்றையும் விட, அம்மம்மா கட்டிலில் இருந்து எழும்ப மாட்டன் என்று சொல்லிவிட்டா. "எத்தினை தரமடி ஓடுறது? நான் வரேல்ல. நீங்கள் போங்கோ." அவவுக்கு அப்போது 76 வயது, சீனி வருத்தம், முழங்கால் ஏலாது. அம்மா கெஞ்சினா, பிறகு கத்தினா, பிறகு அழுதா. தண்ணி படி ஏறி வீட்டுக்குள் வந்த பிறகுதான் அம்மம்மா சரி என்றா.

அயலில் இருந்த இரண்டு அண்ணாமார் வந்து, அவவைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். வழியில் ஓரிடத்தில் கதிரை சரிந்து அவவின் கால் தண்ணிக்குள் போனது. கீழே கிடந்த முள்ளுக்கம்பி கீறிவிட்டது. சின்னக் கீறல்.

பள்ளிக்கூடத்தில் போய் இருந்த பிறகுதான் தெரிந்தது: அம்மம்மாவின் குளிசை குசினித் தட்டில் இருக்கிறது. கிளினிக் கொப்பியும் அங்கேதான். அடுத்த நாள் வந்த வைத்தியர் என்ன குளிசை, எத்தினை மில்லிகிராம் என்று கேட்டார். அம்மாவுக்கு "வெள்ளைக் குளிசை ஒண்டு, சின்ன ரோஸ் ஒண்டு" என்பதற்கு மேல் தெரியாது. மூன்று நாள் ஒழுங்கான மருந்து இல்லை. கீறல் புண்ணாகி, புண் பழுத்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரலை எடுத்தார்கள்.

கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டு அம்மம்மா சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "காணி பேமிட் நனையேல்லத் தானே?"

நனையவில்லை. ஒரு கடதாசியும் நனையவில்லை.

இதை எழுதக் காரணம், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போனபிறகு வட்ஸ்அப்பில் சுற்றிய பட்டியல்கள். "அவசரகாலப் பையில் இருக்க வேண்டிய 20 பொருட்கள்." ரோச், பற்றரி, பவர் பாங்க், தண்ணிப் போத்தல், பிஸ்கட், விசில், முதலுதவிப் பெட்டி. ஒன்றும் பிழையில்லை. நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். ஆனால் எங்கள் வீட்டில் பை இருந்தது. இருபது வருடத்துக்கு மேலாக இருந்தது. அப்படியிருந்தும் அந்த இரவு நாங்கள் ஆயத்தமாக இருக்கவில்லை. ஆகவே பை இருக்கிறதா என்பதல்ல கேள்வி என்று நினைக்கிறேன். யார், எப்போது, எங்கே, யாரைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுவது என்று வீட்டில் முதலே கதைத்து முடித்தாச்சா என்பதுதான் கேள்வி. பொருளைக் கடையில் வாங்கலாம். முடிவை அந்த நேரத்தில் வாங்க முடியாது.

எங்கள் பெற்றோருக்கு இடம்பெயரத் தெரியும். அதில் அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஆனால் யுத்தம் கற்பித்த ஆயத்தமும் வெள்ளம் கேட்கிற ஆயத்தமும் ஒன்றில்லை என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. ஷெல்லுக்கு நிலத்துக்குக் கீழே, பங்கருக்குள் இறங்க வேண்டும். வெள்ளத்துக்கு மேலே ஏற வேண்டும். யுத்தத்தில் அடையாள அட்டை இல்லாவிட்டால் சோதனைச் சாவடி தாண்ட முடியாது, அதனால் பைக்குள் கடதாசிதான் முதலில் போனது. வெள்ளத்தில் கடதாசி இல்லாவிட்டாலும் பள்ளிக்கூடத்துக்குள் விடுவார்கள். பிறகு அலைந்து திரிந்து பிரதி எடுக்கலாம். குளிசை இல்லாவிட்டால் மூன்று நாளில் ஆள் விழுந்துவிடும். அம்மாவின் பை அவ வாழ்ந்த காலத்துக்குச் சரியான பை. அதை அப்படியே அடுத்த காலத்துக்கும் ஆணியில் தொங்கவிட்டதுதான் எங்கள் பிழை.

இன்னொன்று, இந்தக் கதையை எடுத்தாலே வீட்டில் "வாயைக் கழுவு" என்பார்கள். வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டால் வெள்ளத்தைக் கூப்பிடுகிறமாதிரி. இதை நான் வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளமாட்டேன். அத்தனை தரம் ஓடிய ஆட்களுக்கு "திரும்ப ஓடவேண்டி வரலாம்" என்று சொல்வது லேசான விசயமில்லை. அம்மம்மா கட்டிலை விட்டு எழும்பாமல் இருந்தது பிடிவாதம் இல்லை. அவ களைத்துப் போயிருந்தா. அந்தக் களைப்போடு நடு இரவில், தண்ணி வீட்டுக்குள் வரும்போது வாதாட முடியாது. வெயில் எறிக்கிற ஒரு நாளில், தேத்தண்ணி குடித்துக்கொண்டுதான் கதைக்க வேண்டும்.

அதோடு, ஆயத்தம் என்பது வெளியாரிடமிருந்து வந்த புதுப் பழக்கமும் இல்லை. மாரிக்கு முதல் விறகைப் பிளந்து தாழ்வாரத்தில் அடுக்கியவர்கள் நாங்கள். ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, மோர்மிளகாய், கருவாடு எல்லாம் மழைநாளை நினைத்து வெயில்நாளில் செய்து வைத்தவை. கூரை வேய்வதும் வாய்க்கால் வெட்டிவிடுவதும் ஐப்பசி அடைமழைக்கு முதல். அதை ஒருவரும் அபசகுனம் என்று சொல்லவில்லை. மாரிக்கு ஒதுக்குவது என்று சொன்னார்கள்.

சரி, அப்ப என்ன கதைக்கிறது? எங்கள் வீட்டில் 2019 இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் இருந்து கதைத்தோம். ஐந்து கேள்வி. ஒரு மணித்தியாலம் எடுத்தது, அதில் அரை மணித்தியாலம் சண்டை.

முதலாவது: எப்போது வெளிக்கிடுவது? "தண்ணி கூடினால்" என்பது பதில் இல்லை. கூடுவது என்றால் என்ன என்று அந்த நேரத்தில் ஆளுக்கு ஒரு கணக்கு. நாங்கள் படலைத் தூணில் சிவப்புப் பெயின்ரால் ஒரு கோடு கீறினோம். முற்றத்துத் தண்ணி அந்தக் கோட்டுக்கு வந்தால், அல்லது வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்தால், அம்மம்மாவை ஏற்றுவது. அதற்குப் பிறகு விவாதம் கிடையாது. அம்மம்மாவே அந்தக் கோட்டைக் கீறச் சொல்லி இடம் காட்டினா. பிறர் தீர்மானித்தால் மறுத்திருப்பா. தான் காட்டிய கோடு என்றபடியால் ஒத்துக்கொண்டா.

உங்கள் வீடு மலையடியில் இருந்தால் கோடு வேறு. நிலத்திலும் சுவரிலும் புதிதாக வெடிப்பு, சாயத் தொடங்கும் மரம் அல்லது கம்பம், திடீரென ஊறுகிற அல்லது வற்றுகிற ஊற்று, கலங்கி வரும் தண்ணி, இவைதான் கோடு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று நிறத்தில் எச்சரிக்கை கொடுக்கிறது. மஞ்சள் என்றால் அவதானமாக இரு. செம்மஞ்சள் என்றால் வெளிக்கிட ஆயத்தமாக இரு. சிவப்பு என்றால் வெளிக்கிடு. செம்மஞ்சள் நேரத்திலேயே ஏலாத ஆட்களையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட வேண்டும் என்பது என் கருத்து. சிவப்பு இரவு இரண்டு மணிக்கு வந்தால் மழைக்குள் யார் யாரைத் தூக்குவது? கடற்கரை என்றால், நிலம் அதிர்ந்தாலோ கடல் வழமையில்லாமல் உள்வாங்கினாலோ அறிவித்தலுக்குக் காத்திராமல் உள்பக்கம், உயரமான இடத்துக்கு ஓட வேண்டும். 2004 டிசம்பர் 26 இல் சுமாத்திராவுக்குப் பக்கத்தில் நிலம் நடுங்கி, கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் எங்கள் கிழக்குக் கரைக்கு அலை வந்தது. இரண்டு மணித்தியாலம் இருந்தது. சொல்ல ஆள் இருக்கவில்லை. முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போனது.

இரண்டாவது: யாரை யார் தூக்குவது? எல்லா வீட்டிலும் தானாக ஓட ஏலாத ஒருவர் இருப்பார். வயது போனவர், கைக்குழந்தை, பிள்ளைத்தாய்ச்சி, சக்கர நாற்காலியில் இருப்பவர், யுத்தத்தில் காலை இழந்தவர். அவருக்கு ஒரு பெயரை நேராகச் சொல்ல வேண்டும். "எல்லாரும் பார்ப்பம்" என்றால் ஒருவரும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மம்மாவுக்குத் தம்பியும், அயல்வீட்டு அண்ணாவும். அந்த அண்ணாவிடம் போய் முதலே கேட்டோம். அவரும் தன்னுடைய சின்னப் பிள்ளையை யார் தூக்குவது என்று கேட்டார். அது நான்.

மூன்றாவது: எங்கே போவது, எந்த வழியால்? பக்கத்துப் பள்ளிக்கூடம்தான் எல்லாரும் சொல்லும் பதில். ஆனால் அதற்குப் போகிற வழியில் மதகு இருந்தால், தண்ணி முதலில் நிற்பது அங்கேதான். 2024 நவம்பர் 26 இல் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில், மத்ரசாவில் இருந்து வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. உழவு இயந்திரம் பெரிய, பாரமான வாகனம் என்று நாங்கள் நம்பித்தான் வெள்ளத்தில் ஏறுகிறோம். ஓடுகிற தண்ணிக்கு அது கணக்கில்லை. முழங்கால் அளவில் இழுவையோடு ஓடும் தண்ணியே வளர்ந்த ஆளைச் சரிக்கும். ஆகவே வழி இரண்டு வேண்டும். இரண்டும் அடைபட்டால் ஏறி நிற்க, பக்கத்தில் மாடி வைத்திருப்பவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நாலாவது: போன் வேலை செய்யாவிட்டால்? டித்வா நேரம் எத்தனையோ இடத்தில் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற ஆட்கள் நாள்கணக்காகப் போன் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அம்மாவுக்குப் பத்து நம்பர் மனப்பாடம். எனக்கு என்னுடைய நம்பர் மட்டும்தான் தெரியும். இப்போது ஒரு கடதாசியில் நம்பர்களை எழுதி, செலோரேப் ஒட்டிப் பையில் வைத்திருக்கிறோம். அதில் 117 இருக்கிறது, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம். 1990 இருக்கிறது, இலவச அம்புலன்ஸ். கிராம அலுவலர் இருக்கிறார். முதலாவது நம்பர் கனடாவில் இருக்கிற மாமியுடையது. நாங்கள் பிரிந்துபோனால், சிக்னல் கிடைக்கிற முதல் ஆள் மாமிக்குச் சொல்ல வேண்டும். ஊருக்குள் ஆளை ஆள் பிடிக்க முடியாத நேரத்திலும் வெளியில் இருக்கிற ஒருவர் எல்லாருடைய கதையையும் சேர்த்து வைத்திருப்பார். கடதாசிகளின் படங்களும் மாமியிடம் இருக்கிறது.

ஐந்தாவது: விட்டுப் போவது என்ன? இதுதான் சண்டை வந்த கேள்வி. ஆட்டைக் கட்டிப்போட்டுப் போகக் கூடாது, அவிழ்த்துவிட வேண்டும். நெல்லு மூட்டையை மழை பிடிக்கும் முதலே கட்டில், பலகைக்கு மேல் ஏற்ற வேண்டும். மெயின் சுவிச்சையும் காஸையும் நிற்பாட்ட வேண்டும், ஆனால் காலடியில் தண்ணி நிற்கும்போது சுவிச்சைத் தொடக் கூடாது. மிச்சத்தை விட்டுவிட வேண்டும். இதை அம்மா ஒத்துக்கொள்ள நாள் எடுத்தது. திரும்பி வந்தபோது வீடு வெறுமையாக இருந்ததை இரண்டு தரம் பார்த்தவவிடம் "சாமான் போனால் போகட்டும்" என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

இவ்வளவும் தீர்ந்த பிறகுதான் பை. பை பெரிய செலவில்லை. மூடியுள்ள பெயின்ற் வாளி ஒன்று போதும், தண்ணி போகாது, மிதக்கும். கடதாசிகளோடு ஒரு கிழமைக்கான குளிசை, கிளினிக் கொப்பி, ரோச், தீப்பெட்டி, சேலைன் பவுடர் என்று நாங்கள் சொல்லுகிற ஜீவனி, பிஸ்கட், சீனி, கொஞ்சம் காசு, ஆளுக்கு ஒரு மாற்றுடுப்பு. பெண்களுக்குப் பாட்ஸ். இதை எந்தப் பட்டியலிலும் கடைசியில்தான் எழுதுகிறார்கள், எழுதினால். பள்ளிக்கூடத்தில் நூறு குடும்பத்துக்கு நாலு கழிப்பறை, கதவுக்குக் கொளுக்கி இல்லை, கரண்ட் இல்லை. பெண்கள் பலர் தண்ணி இடுப்புக்கு வரும்வரை வீட்டிலேயே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு ரோச்சும், ஒரு பழைய சாரமும், கூடப் போக ஒரு ஆளும் இருந்தால் அந்த இரவு வேறு மாதிரி இருக்கும்.

குளிசைக்கு காலாவதித் திகதி உண்டு, பிஸ்கட்டுக்கும் உண்டு. அதனால் வருடத்துக்கு ஒருமுறை பையைத் திறக்க ஒரு நாள் வேண்டும். எங்கள் வீட்டில் அது வாணி விழா. அண்டைக்கு எப்படியும் வீடு கழுவி, புத்தகம் எல்லாம் தூசு தட்டி அடுக்குவோம். மாரி தொடங்கவும் கொஞ்ச நாள்தான் இருக்கும். உங்களுக்கு வேறு நாள் இருக்கலாம். நாள் எதுவென்றாலும் ஐப்பசிக்கு முதல் இருக்கட்டும்.

வெள்ளம் வடிந்தபிறகும் வேலை முடிவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெள்ளம் மூடின கிணறு பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லுகிற அளவில் குளோரின் போடும்வரை அதைக் குடிக்கக் கூடாது. பிறகும் கொதிக்க வைக்க வேண்டும். வெறுங்காலோடு சேற்றைக் கழுவக் கூடாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் வெள்ளத்துக்குப் பின்னால் எலிக்காய்ச்சல் வந்து உயிர்கள் போனது. முதலில் எல்லாரும் அதை மழைக்காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். சேற்றுக்குள் நின்ற பிறகு காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் போட்டுக்கொண்டு படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், தண்ணிக்குள் நின்றதையும் சொல்ல வேண்டும்.

இனி என் நண்பர்கள் சிலர் கேட்பதற்கு வருகிறேன். "இதெல்லாம் அரசாங்கம் செய்யவேண்டிய வேலை. வீட்டுக்கு வீடு பை கட்டு எண்டு சனத்திட்டப் பொறுப்பைத் தள்ளுறது சரியா?" இது நல்ல கேள்வி. சுனாமிக்குப் பிறகு 2005 இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அதன் கீழ் நிலையம் இருக்கிறது, மாவட்டத்துக்கு மாவட்டம் அலுவலகம் இருக்கிறது. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் 1987 இல் எழுதியாச்சு. ஆனாலும் புயல் நேரம் போனை நோண்டிக்கொண்டிருந்து, சிங்களத்தில் வந்த அறிவித்தலை யாரோ ஒரு நண்பன் மொழிபெயர்த்துப் போடும்வரை காத்திருந்த அனுபவம் எங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? அந்த அரை மணித்தியாலத்தை எந்தப் பையாலும் ஈடுகட்ட முடியாது. அதைக் கேட்க வேண்டும், திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

மலையகத்தைப் பற்றிக் கதைத்தால் இது இன்னும் கூர்மையாகும். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனது. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முதலே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போக இடம் இருக்கவில்லை. சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாத குடும்பத்திடம் "முன்னாயத்தமாக இருங்கள்" என்றால் அதற்கு என்ன அர்த்தம்? டித்வாவிலும் அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மலைச்சரிவுகளில்தான் இழப்பு மிக அதிகம். அங்கே முதல் ஆயத்தம் காணி உறுதியும் பாதுகாப்பான இடத்தில் ஒரு வீடும். பை அதற்குப் பிறகு.

ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். அரசைக் கேட்பதை நிற்பாட்டக் கூடாது. அதற்காக வீட்டில் கதைக்காமலும் இருக்கக் கூடாது. எந்த நல்ல அரசாங்கம் இருந்தாலும், முதல் இரண்டு மணித்தியாலம் வீட்டில் நிற்பது நாங்கள்தான். அன்று இரவு அம்மம்மாவைத் தூக்கியது எந்தத் திணைக்களமும் இல்லை, பக்கத்து வீட்டு இரண்டு பொடியள். அவர்கள் என்ன குளிசை என்று தெரிந்துவைத்திருக்க வேண்டியவர்கள் இல்லை. தெரிந்துவைத்திருக்க வேண்டியது நான். எனக்குப் 18 வயது, ஏ.எல் படித்திருந்தேன், இங்கிலீசில் எழுதிய கொப்பியை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான். ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை.

அம்மம்மா 2022 இல் காலமானா. வயதும் வருத்தமும்தான், வெள்ளமில்லை. கோடு இன்னும் படலைத் தூணில் இருக்கிறது.

டித்வா நேரம் தண்ணி அந்தக் கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே நின்றது. நாங்கள் அதுவரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அறிவித்தல் வந்ததும் மத்தியானமே, வெளிச்சத்தோடு, அயல்வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ரவுனில் இருக்கிற பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டோம். இரண்டாம் நாள் திரும்பி வந்தால் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. ஒழுங்கையில் இருந்த ஒரு மாமா சிரித்தார். "சும்மா பயந்து ஓடினியள் என்ன?"

அம்மாவுக்குக் கொஞ்சம் வெக்கமாகிவிட்டது. எனக்கு ஆகவில்லை. பத்துத் தரம் சும்மா ஓடலாம். ஒரு நாள் சம்பளம் போகும், ஓட்டோக் காசு போகும், நாலு பேர் சிரிப்பார்கள். பதினோராம் தரம் சும்மா இல்லாமல் போனால், அந்தப் பத்துத் தரத்தின் செலவைப் பற்றி ஒருவரும் கதைக்க மாட்டார்கள். சிரிப்புக்குப் பயந்து கடைசி நிமிடம்வரை நிற்பதுதான் எங்கள் ஊரில் ஆட்களைக் கொல்லுகிறது என்று நான் நினைக்கிறேன். வெள்ளி இரவு எட்டு மணிக்கு "பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் வெளிக்கிடேல்ல, பாப்பம்" என்று எத்தனை வீட்டில் சொல்லியிருப்பார்கள்? பக்கத்து வீட்டுக்காரரும் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

இதை வாசிக்கிறவர்களில் பலர் கம்பஸ், வேலை என்று வீட்டை விட்டுத் தூர இருப்பீர்கள். அடுத்தமுறை வீட்டுக்குப் போன் எடுக்கும்போது "சாப்பிட்டாச்சோ" என்பதற்குப் பிறகு ஒரு கேள்வி கேளுங்கோ: அம்மா, உங்கட குளிசைகளின்ர பெயர் என்ன? கொப்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. மிச்ச நாலு கேள்வியையும் பொங்கலுக்கோ, பெருநாளுக்கோ, நத்தாருக்கோ வீட்ட போகும்போது கேட்கலாம்.

அம்மாவுக்கு இப்போது பிரஷர். அவவின் கிளினிக் கொப்பியை அந்தப் பைக்குள் வைக்கச் சொன்னேன். "கிளினிக்குக்குப் போகேக்க தேவையெல்லோ" என்றா. அதுவும் சரிதான். பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், பொலித்தீனில் சுற்றி, காணி பேமிட்டுக்கு மேலே.